அவன் எதை நம்பி வர்றான்?

அண்ணா யுனிவர்சிட்டி மாணவி பலாத்கார கேஸ்ல தண்டனை அறிவிச்ச வாரம், 2025 ஜூன் முதல் வாரம், பெரம்பூர்ல அக்கா வீட்ல எல்லாரும் சாப்பிட உக்காந்திருந்தோம். டிவில அந்தச் செய்தி தான் ஓடிட்டு இருந்துச்சு, கொறைஞ்சது 30 வருஷம் உள்ளயே இருக்கணும், தண்டனைக் குறைப்பே கெடையாதுன்னு சென்னை மகிளா கோர்ட் சொல்லியிருந்தது. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஆரம்பிச்சாரு. "எல்லாத்துக்கும் காரணம் டாஸ்மாக்கும் செல்ஃபோனும் தாம்மா, ரெண்டையும் மூடச் சொல்லு, பாதி குத்தம் தன்னால கொறைஞ்சிடும்." சித்தி ரசம் ஊத்திக்கிட்டே, "அதெல்லாம் சரிங்க மாப்ள, ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பொண்ணு இருட்டுல என்ன பண்ணிட்டு இருந்தா, அதை மட்டும் யாரும் கேக்க மாட்டீங்க"ன்னாங்க. சித்தி பையன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். அவன் தட்டைப் பாத்துக்கிட்டே "இவனுங்களுக்கு கேஸ் எதுக்குக்கா, நேரா என்கவுண்டர் தான்"னான்.

மூணு பேருமே நல்லவங்க. அந்தப் பொண்ணுக்கு நடந்தது நெஜமாவே அவங்க மனசைப் பிசைஞ்சதால தான் பேசுனாங்க. நம்ம ஊர்ல எந்த வீட்ல, எந்த டீக்கடைல இந்தப் பேச்சு வந்தாலும் இந்த மூணு பதில் தான் வரும், குடி, பொண்ணு மேல கேள்வி, இல்லன்னா தூக்கு. அன்னிக்கு நான் சொன்னதையும், சண்டையாயிடுமேன்னு பாதியில விட்டதையும் சேத்து இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

சித்தி கேட்டதுல இருந்தே வரேன். அவ ஹாஸ்டல் பொண்ணு. அது அவ காலேஜ், அவ இருக்கற எடம். சாயங்காலம் ஏழரை எட்டு மணிக்கு தன்னோட காலேஜுக்குள்ள ஃப்ரெண்டு கூட உக்காந்து பேசிட்டு இருந்தா, அவ்ளோ தான். அந்த கேம்பஸுக்குள்ள அந்த நேரத்துல இருக்க எந்த வேலையும் இல்லாத ஆள் அவன் ஒருத்தன் தான், வெளிய பிரியாணி கடை போட்டவன், ஏற்கனவே நெறைய திருட்டு கேஸ் இருக்கறவன். 2024 டிசம்பர் 23ஆம் தேதி அவன் என்ன பண்ணான்னு கவனிச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் ஒண்ணா இருந்ததை வீடியோ எடுத்துட்டேன், காலேஜ்லயும் உங்க வீட்லயும் காட்டிடுவேன்னு தான் மெரட்டியிருக்கான். முதல்ல எடுத்த ஆயுதமே அது தான்!

இதை நான் திரும்பத் திரும்ப யோசிச்சேன். ரெண்டு பேர் உக்காந்து பேசற வீடியோவுல மெரட்ட என்ன இருக்கு? அந்த வீடியோவைப் பாத்தா அவ அப்பா என்ன பண்ணுவார்ங்கற பயம் தான் இருக்கு. படிப்பை நிறுத்திடுவாங்களோ, ஊரே பேசுமோ, அம்மா அழுவாங்களோ. அவளை அப்டி நடுங்க வைக்கற பயத்தை அவன் உண்டாக்கல, அது ஏற்கனவே நாம உண்டாக்கி வெச்சது, அவன் வந்து எடுத்துக்கிட்டான். இவ வெளிய சொல்ல மாட்டாங்கற நம்பிக்கைல தான் அவன் அங்க வந்து நின்னான். ஆனா அந்தப் பொண்ணு அடுத்த நாளே போலீஸ்ல போய் சொல்லிட்டா. அவன் கணக்கு தப்பிப்போச்சு, அஞ்சே மாசத்துல தீர்ப்பும் வந்துடுச்சு. அவ அன்னிக்கு வாயை மூடிட்டு இருந்திருந்தா இன்னிக்கும் அவன் அந்த ரோட்ல பிரியாணி போட்டுட்டு இருந்திருப்பான், யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

அப்டி தைரியமா போய் சொன்னவளுக்கு நாம என்ன பண்ணோம்? எஃப்ஐஆர் வெளிய வந்துடுச்சு, பேர், ஃபோன் நம்பர், அட்ரஸோட. அது எத்தனை ஃபோனுக்கு ஃபார்வர்ட் ஆச்சுன்னு நெனைச்சாலே வயிறு எரியுது, எனக்கே ஒரு குரூப்ல வந்துச்சு. அந்த எஃப்ஐஆர் எழுதியிருந்த விதமே அந்தப் பொண்ணையே குத்தவாளி ஆக்கற மாதிரி இருக்குன்னு ஹைகோர்ட் கண்டிச்சுது. விசாரணையை மூணு பெண் ஐபிஎஸ் அதிகாரிங்க கிட்ட மாத்தி, அவளுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடும் குடுக்கச் சொன்னாங்க.

பொள்ளாச்சி கேஸும் இதே தான். 2019ல அது வெளிய வந்தப்போ வந்த ஆடியோவைக் கேட்டுட்டு பல நாள் தூங்காதவங்கள்ல நானும் ஒருத்தி. அந்தக் கும்பலோட மொத்த தொழிலுமே அது தான், பொண்ணுங்க கூட பழகறது, கூட்டிட்டுப் போறது, வீடியோ எடுக்கறது, அதை வெச்சு பணமும் கேக்கறது, திரும்பவும் வரச் சொல்றது. ஒரே ஒரு வீட்ல ஒரு பொண்ணு நேரா வந்து "அப்பா, என்னை இப்டி ஏமாத்தி வீடியோ எடுத்து வெச்சிருக்கான்"னு சொல்லியிருந்தா அந்தத் தொழில் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். எந்த வீட்லயும் சொல்ல முடியல. கடைசில ஒரு 19 வயசுப் பொண்ணு தன் அண்ணன்கிட்ட சொன்னா, அவர் கூட நின்னாரு, அதனால தான் எல்லாமே வெளிய வந்துச்சு. அதுக்காக அந்த அண்ணனை அடிச்சாங்க. மாவட்ட எஸ்பி பத்திரிகைக்காரங்க முன்னாடி அந்தப் பொண்ணோட பேரைச் சொன்னாரு, சிபிஐக்கு மாத்தின அரசாணைலயும் பேர் இருந்துச்சு. ஹைகோர்ட்டோட மதுரை கிளை தலையிட்டு இதுக்கும் 25 லட்சம் குடுக்கச் சொல்ல வேண்டியிருந்துச்சு. பாதிக்கப்பட்டவளோட பேரை வெளிய விடக்கூடாதுன்னு சட்டம் இருக்கறது போலீஸுக்குத் தெரியாதா? இதைப் பாத்துட்டு எத்தனை பொண்ணுங்க "நாம சும்மா இருப்போம்"னு முடிவு பண்ணியிருப்பாங்க! ஆறு வருஷம் கழிச்சு 2025 மே 13ஆம் தேதி கோயம்புத்தூர் மகிளா கோர்ட் ஒம்பது பேருக்கும் சாகற வரைக்கும் சிறைன்னு தீர்ப்பு சொன்னப்போ, சாட்சிங்கள்ல ஒருத்தர் கூட பிறழல. அந்தப் பொண்ணுங்களுக்கு நான் கை எடுத்து கும்பிடறேன்.

இப்போ மாமா சொன்ன குடி. குடியால வீட்ல அடி வாங்கற பொம்பளைங்களை நானும் தெனமும் பாக்கறேன், எங்க தெருவுலயே இருக்காங்க, அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். குடிச்சா கை நீளும், கூச்சம் போயிடும். ஆனா மாமாகிட்ட ஒண்ணு தான் கேட்டேன், குடிச்சவன் போதையில போலீஸ்காரர் பொண்டாட்டி மேலயோ மொதலாளி பொண்ணு மேலயோ கை வெக்கறானா? போதையிலயும் யார் மேல வெச்சா பிரச்சினை வராதுன்னு அவனுக்குத் தெளிவாத் தெரியுது இல்ல.

குடியும் இல்லாம, ராத்திரியும் இல்லாம, டிரெஸ்ஸும் இல்லாம நடந்ததுக்கு வாச்சாத்தியே இருக்கு. 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம், சித்தேரி மலை அடிவாரத்துல மலைவாழ் மக்கள் ஊர். சந்தனக் கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு யூனிஃபார்ம்லயும் அரசாங்க ஜீப்லயும் வந்தவங்க, 18 பொண்ணுங்களை ஏரிப்பக்கம் இழுத்துட்டுப் போய் பலாத்காரம் பண்ணாங்க. பட்டப்பகல்ல. அப்டி ஒண்ணும் நடக்கவே இல்லன்னு அரசாங்கம் சாதிச்சுது. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரங்களும் விடாம நின்னு, சிபிஐக்குப் போய், 2011 செப்டம்பர்ல உயிரோட இருந்த 215 பேருக்கும் தண்டனை வந்துச்சு, 54 பேர் அதுக்குள்ள செத்தே போயிட்டாங்க. ஹைகோர்ட் அதை உறுதி பண்ணினது 2023 செப்டம்பர்ல. 31 வருஷம். அந்த அதிகாரிங்க எதை நம்பி அங்க இறங்குனாங்க? மலையில இருக்கற இந்த ஜனங்க பேச்சை எவன் கேப்பான்னு தான். சாதியும் பதவியும் இதுல எங்க வருதுன்னு கேக்கறவங்களுக்கு வாச்சாத்தி தான் பதில்.

அந்த ஏழைங்க தான் மாட்டிக்கிட்டாங்க, படிச்சு வேலைல இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்காதீங்க. 2021ல ஒரு பெண் எஸ்பி, ஐபிஎஸ் அதிகாரி, அவங்களையே கார்ல வெச்சு அவங்களுக்கு மேலதிகாரியா இருந்த ஸ்பெஷல் டிஜிபி பாலியல் தொந்தரவு பண்ணாரு. அவங்க புகார் குடுக்க சென்னைக்கு வர்ற வழியில, செங்கல்பட்டு பக்கத்துல பரனூர் டோல்கேட்ல, இன்னொரு எஸ்பி அவங்க காரை நிறுத்தி மடக்கினாரு. ஒரு மாவட்டத்தையே கையில வெச்சிருந்த அதிகாரிக்கே புகார் எழுதற மேஜை வரைக்கும் போறதுக்கு இவ்ளோ தடை. 2023 ஜூன்ல விழுப்புரம் கோர்ட் அந்த டிஜிபிக்கு மூணு வருஷம் குடுத்துச்சு. நம்ம வீட்டு வேலைக்கு வர்ற அக்கா எங்க போய் நிப்பாங்க?

சித்தி விஷயத்துக்குத் திரும்ப வரேன், ஏன்னா சித்தி மேல எனக்குக் கோவம் இல்ல. சாப்பிட்டு முடிச்சு பாத்திரம் எடுத்து வெக்கறப்போ சமையல்கட்டுல தனியா சொன்னாங்க. அவங்க பதினெட்டு வயசுல அயனாவரத்துல டைப்ரைட்டிங் கிளாஸ் போயிட்டிருந்தாங்களாம், லோயர் பாஸ் பண்ணிட்டு ஹையர் எழுதப் போற நேரம். வழியில ஒரு சைக்கிள் கடை, அதுல ஒருத்தன் தெனமும் பின்னாடியே வருவானாம், ஒரு நாள் சாயங்காலம் தாவணியைப் பிடிச்சு இழுத்துட்டான். அழுதுக்கிட்டே வந்து தாத்தாகிட்ட சொல்லியிருக்காங்க. தாத்தா அந்தக் கடைக்குப் போகல. "நாளைல இருந்து கிளாஸுக்குப் போக வேணாம்"னுட்டாரு. அந்த வருஷமே கல்யாணம். சித்தி விரல் இன்னமும் வேகமா ஓடும், மாமா ஆஃபீஸ் லெட்டர் எல்லாம் அவங்க தான் அடிச்சுக் குடுப்பாங்க. "அவன் அதே கடைல தான் இருந்தான்டீ, நான் தான் வீட்ல இருந்தேன்"னாங்க. அந்தப் பொண்ணு ஏன் எட்டு மணிக்கு அங்க இருந்தான்னு சித்தி கேக்கறப்போ, அவங்களுக்குக் கத்துக்குடுத்த ஒரே பாதுகாப்பை அவங்க திருப்பிச் சொல்றாங்க. வெளிய போகாதே.

அது இன்னிக்கும் மாறல. போன மாசம் பஸ்ல பாத்தேன், ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு, பத்தாவது இருக்கும், பின்னாடி நின்ன ஆள் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவ மேலயே சாயறான். அவ பேக்கைக் கழட்டி முதுகுப் பக்கம் இருந்து முன்னாடி மாட்டி, அப்புறம் பக்கவாட்டுல வெச்சு, கைய மடக்கி முழங்கையை வெளிய நீட்டி, இருக்கற எல்லா வழியையும் பண்ணிட்டா. நான் சத்தம் போட்டேன். கண்டக்டர் எட்டிப் பாத்துட்டு அந்தப் பொண்ணைப் பாத்து "முன்னாடி போம்மா"ன்னாரு. அவனை ஒண்ணும் சொல்லல. எறங்கறப்போ அவ எங்கிட்ட மெதுவா சொன்னது: "அக்கா, எங்க வீட்டுப்பக்கம் யார் கிட்டயும் சொல்லிடாதீங்க, டியூஷன் நிறுத்திடுவாங்க."

இது தான் நான் சொல்ல வர்ற காரணம். ஒரு பொண்ணு வாயைத் திறந்தா அவளுக்கு என்ன போகுது, அவனுக்கு என்ன போகுது? அவளுக்கு டியூஷன் போகும், ஃபோன் போகும், காலேஜ் போகும், சொந்தக்காரங்க வாயில விழுவா, கல்யாணப் பேச்சு தடைபடும். அவனுக்கு கண்டக்டர் ஒரு பார்வை பாத்தாரு, அவ்ளோ தான். இந்தக் கணக்கு இப்டியே இருக்கற வரைக்கும் எத்தனை சிசிடிவி மாட்டினாலும் அவன் கேமரா இல்லாத எடமாத் தேடிப்பான். இல்லன்னா தேடவே வேணாம், வீட்டுக்குள்ளயே இருப்பான். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் போடற கணக்குல, பலாத்கார கேஸ்ல கிட்டத்தட்ட 95 சதவீதம் பொண்ணுக்குத் தெரிஞ்ச ஆள் தான், சொந்தக்காரன், பக்கத்து வீடு, வேலை பாக்கற எடம், கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொன்னவன். 2022ல மட்டும் பதிவானது 31,516 கேஸ். அதுவும் பதிவானது தான். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல, அடியோ பாலியல் கொடுமையோ அனுபவிச்ச பொண்ணுங்கள்ல உதவி கேட்டவங்க வெறும் 14 சதவீதம். மத்தவங்க எங்க இருக்காங்க? நம்ம வீட்ல தான் இருக்காங்க. புருஷன் பண்ணா அது பலாத்காரமே இல்லன்னு 2024 ஜூலைல வந்த புது குற்றவியல் சட்டத்துலயும் அந்த விதிவிலக்கை அப்டியே வெச்சிருக்காங்க, டெல்லி நிர்பயா கேஸுக்கு அப்புறம் அமைச்ச வர்மா கமிட்டி 2013லயே எடுக்கச் சொல்லியும்.

தம்பி கேட்ட என்கவுண்டருக்கும் பதில் இதுக்குள்ள தான் இருக்கு. அவன் கோவம் எனக்குப் புரியுது. ஆனா ஒரு எட்டு வயசுக் கொழந்தைக்கு அவ மாமாவோ தாத்தாவோ தொந்தரவு குடுக்கறான்னு வெச்சுக்கோ, சொன்னா அவனைக் கொன்னுடுவாங்கன்னு தெரிஞ்சா அந்தக் குடும்பம் அந்தக் கொழந்தையைப் பேச விடுமா? "உன்னால தான்டீ அவர் சாகப் போறாரு"ன்னு அதோட வாயைப் பொத்துவாங்க. அவன் "அப்போ என்ன தான்க்கா பண்றது"ன்னான், நியாயமான கேள்வி. கெடைக்கற தண்டனை பெருசா இருக்கறதை விட, கண்டிப்பா கெடைக்கும்ங்கறது தான் முக்கியம்டா, நாலு கேஸ் முடிஞ்சா ஒண்ணுல தான் தண்டனை வருதுன்னா எவனுக்கு பயம் வரும்னு சொன்னேன்.

2018ல அயனாவரத்துல ஒரு அபார்ட்மெண்ட்ல நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். காது கேக்காத 11 வயசுக் கொழந்தை, லிஃப்ட் ஆபரேட்டர், செக்யூரிட்டி, பிளம்பர்னு கொழந்தை தெனமும் பாக்கற ஆளுங்க, மாசக்கணக்கா. 17 பேரை கைது பண்ணாங்க, 2020 பிப்ரவரில 15 பேர் குத்தவாளின்னு தீர்ப்பாச்சு. அது எப்டி நின்னுச்சு தெரியுமா, வெளியூர்ல படிச்சிட்டிருந்த அக்கா வந்தப்போ அவகிட்ட கொழந்தை சொல்லிடுச்சு. கேட், வாட்ச்மேன் எல்லாம் இருந்த எடம் தான், வாட்ச்மேனும் அதுல ஒருத்தன். சொல்றதுக்கு ஒரு ஆள் கெடைச்சதும் தான் அந்தக் கொழந்தை தப்பிச்சுது.

சினிமாவைப் பத்தியும் ஒரு வார்த்தை. மாட்டேன்னு சொன்ன பொண்ணு பின்னாடியே சுத்தினா ஒரு நாள் சரின்னு சொல்லிடுவான்னு நம்ம பசங்களுக்கு நாப்பது அம்பது வருஷமா பாட்டுப் போட்டு காட்டியிருக்கோம். 2016ல நுங்கம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு பொண்ணை வெட்டினதும், 2022ல பரங்கிமலை ஸ்டேஷன்ல இன்னொரு பொண்ணை ரயில் முன்னாடி தள்ளினதும் அப்டி பின்னாடியே வந்ததா கேஸான விஷயம் தான். படம் பாத்துட்டு எல்லாரும் கத்தி எடுக்கறதில்ல, தெரியும். ஆனா ஒரு பொண்ணு "இவன் ஃபாலோ பண்றான்"னு சொல்றப்போ "லவ் பண்றான் போல, விடு"ன்னு சிரிக்கற அளவுக்கு நம்மளைப் பழக்கி வெச்சிருக்கு. ஃபோன்ல வர்ற அசிங்கமும் அதே மாதிரி, அதை மூடச் சொல்றாரு மாமா, ஆனா அவர் பையனுக்கு வேற எதுலயாவது இதைப் பத்தி யாராவது சொல்லிக் குடுத்திருக்கோமா? வேணாம்னு ஒரு பொண்ணு சொன்னா அதோட முடிஞ்சுதுடான்னு எந்த அப்பா மகன்கிட்ட உக்காந்து பேசியிருக்காரு? கேட்டப்போ மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "எங்கப்பா எங்கிட்ட பரீட்சை மார்க்கைத் தவிர எதுவுமே பேசினதில்லம்மா"ன்னாரு.

அக்காவுக்கு ஒரு பொண்ணு இருக்கா, ப்ளஸ் ஒன். அவகிட்ட அக்காவும் நானும் சேந்து உக்காந்து சொன்னோம், யாராவது உன் ஃபோட்டோவோ வீடியோவோ வெச்சுக்கிட்டு மெரட்டினா, நீ எந்த எடத்துல இருந்தாலும், யார் கூட இருந்தாலும், எங்ககிட்ட பொய் சொல்லிட்டுப் போயிருந்தாலும், எங்களுக்கு ஃபோன் பண்ணு, படிப்பும் ஃபோனும் எதுவும் நிக்காது. அவ மொதல்ல நம்பல. "அப்பாவும் இதையே சொல்லுவாரா"ன்னு கேட்டா. அக்கா மாமாவைக் கூப்ட்டு அவ முன்னாடியே சொல்ல வெச்சா. ஒவ்வொரு வீட்லயும் அப்பாவும் இதை வாய்விட்டு சொல்லணும், மனசுக்குள்ள வெச்சிருந்தா பொண்ணுக்குத் தெரியாது.

இதைப் படிக்கற உங்ககிட்ட யாராவது வந்து இப்டி ஒண்ணு சொன்னா, ஏன் போனே, எதுக்குப் போனேன்னு ஆரம்பிக்காம இதைச் செய்யுங்க. 181க்கு எந்த நேரமும் கூப்டலாம், கொழந்தைங்களுக்கு 1098. புகாரை எந்த ஸ்டேஷன்லயும் வாங்கியே ஆகணும், எங்க எல்லை இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது, ஜீரோ எஃப்ஐஆர் போட்டு அவங்களே மாத்தி விடணும். பலாத்கார கேஸ்ல வாக்குமூலத்தை பொண்ணோட வீட்லயோ அவ சொல்ற எடத்துலயோ, முடிஞ்ச வரைக்கும் பெண் போலீஸ் தான் எடுக்கணும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி அலைய விட்டா அங்கயே கேளுங்க. அரசு ஆஸ்பத்திரியா இருந்தாலும் தனியாரா இருந்தாலும் உடனே இலவசமா சிகிச்சை குடுக்கணும், முடியாதுன்னா அது அவங்க மேலயே குத்தம். வீடியோ வெச்சு மெரட்டறவனை மத்திய அரசோட சைபர் கிரைம் போர்ட்டல்ல பேர் சொல்லாமலே ரிப்போர்ட் பண்ணலாம், அவன் அனுப்பின மெசேஜை அழிக்காம ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க. எஃப்ஐஆர் காப்பியோ பொண்ணோட ஃபோட்டோவோ உங்க குரூப்ல வந்தா யாருக்கும் அனுப்பாதீங்க, போட்டவர்கிட்ட அங்கயே எடுக்கச் சொல்லுங்க, பாதிக்கப்பட்டவ யாருன்னு தெரியற மாதிரி வெளியிட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்.